லிஸ்டுக்குள் என்ன டைப் இருக்கிறது என்று ரிஃப்ளெக்ஷனிடம் கேட்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஜாவாவில் பில் என்று ஒரு கிளாஸ், அதற்குள் லிஸ்ட்<வரி> டைப்பில் வரிகள் என்று ஒரு ஃபீல்ட். (இங்கே வரி என்றால் ஜிஎஸ்டி இல்லை, பில்லில் வரும் ஒவ்வொரு பொருளுக்கான லைன்.) எந்த கிளாஸைக் கொடுத்தாலும் அதன் ஃபீல்டுகளை ரிஃப்ளெக்ஷனில் (ப்ரோகிராம் ஓடும்போதே ஒரு கிளாஸின் அமைப்பை ஆராயும் வசதி) படித்து எக்செல் ஷீட்டாக எழுதித் தரும் பொதுவான கருவி ஒன்று எழுத வேண்டும். வரிகள்.கெட்கிளாஸ்() என்று கேட்டால் அரேலிஸ்ட் என்று மட்டும்தான் பதில் வருகிறது, உள்ளே இருப்பது வரி என்ற விவரம் எங்கே போயிற்று? சி ஷார்ப்பில் எழுதும் நண்பருக்கு மட்டும் அது வருகிறதே, ஏன்?

நேராகச் சொல்கிறேன்: ஜாவாவில் ஆப்ஜெக்டிடம் கேட்டால் தெரியாது, அந்த ஆப்ஜெக்டை வைத்திருக்கும் ஃபீல்டின் அறிவிப்பிடம் கேட்டால் தெரியும். நீங்கள் தவறான ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆனால் சரியான ஆளைப் பிடித்த பிறகும் "முதல் டைப் ஆர்கியுமெண்டை (கோண அடைப்புக்குறிக்குள் இருக்கும் டைப்) எடு, வேலை முடிந்தது" என்று எழுதினால் இரண்டு மாதத்தில் எங்கேயாவது உடையும், அது ஜாவாவுக்கும் பொருந்தும், உங்கள் நண்பரின் சி ஷார்ப்புக்கும் பொருந்தும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜாவாவின் கலெக்ஷன்கள் 1998இல் 1.2 பதிப்போடு வந்தவை, ஜெனரிக்ஸ் (உள்ளே இருப்பது என்ன டைப் என்று கோண அடைப்புக்குறியில் எழுதும் வசதி) 2004இல் ஜாவா 5இல் வந்தது. இடையில் ஆறு வருடம் உலகம் முழுக்க வெறும் லிஸ்ட், வெறும் மேப் என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். அந்தப் பழைய கோடும் புதிய லிஸ்ட்<ஸ்ட்ரிங்> கோடும் ஒன்றோடொன்று பேச வேண்டும், யாரும் எதையும் திரும்பக் கம்பைல் செய்யக் கூடாது என்பதுதான் அன்றைக்கு வைத்த நிபந்தனை. அதற்கு 1998இல் கிலாட் பிராச்சா, மார்ட்டின் ஓடர்ஸ்கி, டேவிட் ஸ்டவுட்டமைர், பிலிப் வாட்லர் ஆகியோர் ஜிஜே என்ற பெயரில் செய்து காட்டிய வழியை எடுத்துக்கொண்டார்கள்: கம்பைலர் டைப்பைச் சரிபார்க்கும், தேவையான இடத்தில் காஸ்ட் (இதை இந்த டைப்பாக எடுத்துக்கொள் என்ற கட்டளை) போடும், பிறகு <ஸ்ட்ரிங்> என்பதை அழித்துவிடும். ரன்டைமில், அதாவது ப்ரோகிராம் ஓடும்போது, லிஸ்ட்<ஸ்ட்ரிங்> ஆப்ஜெக்டுக்கும் லிஸ்ட்<இன்டிஜர்> ஆப்ஜெக்டுக்கும் ஒரே கிளாஸ்தான். இதைத்தான் இரேஷர் என்கிறார்கள். சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட் 2005இல் 2.0 பதிப்பில் வேறு வழி போனது, பழைய அரேலிஸ்டை அப்படியே விட்டுவிட்டு ஜெனரிக் கலெக்ஷன்களைத் தனி நேம்ஸ்பேஸில் புதிதாக வைத்தது, டைப் ஆர்கியுமெண்டை ரன்டைமும் தெரிந்துவைத்திருக்கும்படி செய்தது. அதற்கான வடிவமைப்பை ஆண்ட்ரூ கென்னடியும் டான் சைமும் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் கேம்பிரிட்ஜ் பிரிவிலிருந்து 2001லேயே எழுதிவிட்டார்கள். ஜாவா முட்டாள்தனம் செய்துவிட்டது என்று சொல்வது ஒரு ஃபேஷன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த கோடின் அளவைப் பார்த்தால் அது நியாயமான முடிவு.

ஆனால் அழிப்பது எல்லாவற்றையும் இல்லை, பலர் தவறவிடும் இடம் இது. கம்பைலர் கிளாஸ் ஃபைலில் சிக்னேச்சர் என்று ஒரு பகுதியை எழுதிவைக்கிறது. ஃபீல்டின் டைப், மெத்தட் திருப்பித் தரும் டைப், மெத்தடின் பாராமீட்டர்கள், எந்த கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது, எந்த இன்டர்ஃபேஸ்களை இம்ப்ளிமென்ட் செய்கிறது, இவை எல்லாம் கோண அடைப்புக்குறியோடு அதில் பத்திரமாக இருக்கும். வேறு ஒருவர் உங்கள் ஜார் ஃபைலை வைத்துக்கொண்டு கம்பைல் செய்ய வேண்டுமே, அவருடைய கம்பைலருக்கு இந்த விவரம் தேவை, அதனால்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு ரிஃப்ளெக்ஷனில் கிடைப்பது அதன் உபயம். மெத்தடுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிளின் டைப் ரிஃப்ளெக்ஷனுக்குக் கிடைக்காது, நியூ அரேலிஸ்ட்<வரி>() என்று உருவாக்கிய ஆப்ஜெக்டிலும் கிடைக்காது.

உங்கள் விஷயத்தில் ஃபீல்ட் இருக்கிறது, அதனால் பிழைத்தீர்கள்:

ஃபீல்ட் எஃப் = பில்.கிளாஸ்.கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்("வரிகள்");
எஃப்.கெட்டைப்(), → லிஸ்ட்
எஃப்.கெட்ஜெனரிக்டைப்(), → லிஸ்ட்<வரி>

(பில், வரிகள் என்று தமிழிலேயே பெயர் வைத்தால் ஜாவா ஏற்றுக்கொள்ளும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆபீஸில் செய்தால் ரிவ்யூவில் திட்டு விழும், அது வேறு கதை.)

கெட்டைப் அழித்த பிறகு மிஞ்சியதைத் தருகிறது, கெட்ஜெனரிக்டைப் எழுதியதைத் தருகிறது. மெத்தடுக்கும் இதே ஜோடி உண்டு, கெட்ரிட்டர்ன்டைப் ஒன்று, கெட்ஜெனரிக்ரிட்டர்ன்டைப் ஒன்று. ஜாவா 16இல் வந்த ரெக்கார்டுகளில் ஒவ்வொரு காம்பொனென்டுக்கும் கெட்ஜெனரிக்டைப் இருக்கிறது. பெயரில் ஜெனரிக் என்று வரும் மெத்தடையே எப்போதும் கூப்பிடுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள்.

அது திருப்பித் தருவது டைப் என்ற இன்டர்ஃபேஸ், அதற்குள் ஐந்து வேஷம் உண்டு. வெறும் கிளாஸாக வரலாம். லிஸ்ட்<வரி> என்றால் பாராமீட்டரைஸ்ட்டைப், அதனிடம்தான் கெட்ராடைப் கேட்டால் லிஸ்ட் என்றும், கெட்ஆக்சுவல்டைப்ஆர்கியுமெண்ட்ஸ் கேட்டால் வரி என்றும் கிடைக்கும். டி (பிறகு ஏதோ ஒரு டைப் வந்து உட்காரும் இடத்துக்கு வைத்த பெயர்) என்று மட்டும் எழுதியிருந்தால் டைப்வேரியபிள். கேள்விக்குறி போட்டிருந்தால் வைல்ட்கார்ட்டைப். லிஸ்ட்<வரி>[] அல்லது டி[] என்றால் ஜெனரிக்அரேடைப். நெட்டில் கிடைக்கும் பெரும்பாலான உதாரணங்கள் கண்ணை மூடிக்கொண்டு பாராமீட்டரைஸ்ட்டைப்புக்கு காஸ்ட் செய்து, [0] எடுத்து, அதை கிளாஸுக்கு காஸ்ட் செய்து முடித்துவிடும். அந்த இரண்டு காஸ்டுமே வெடிக்கும்.

முதல் காஸ்ட் எப்போது வெடிக்கும்? யாராவது பழக்க தோஷத்தில் வெறும் லிஸ்ட் என்று அறிவித்திருந்தால் உங்களுக்குக் கிடைப்பது கிளாஸ். அதைவிட நுணுக்கமானது, வரிப்பட்டியல் என்று ஒரு கிளாஸ் எழுதி அது அரேலிஸ்ட்<வரி>யை எக்ஸ்டெண்ட் செய்திருந்தால், ஃபீல்டின் டைப் வரிப்பட்டியல் மட்டுமே, அதில் கோண அடைப்புக்குறியே கிடையாது, ஆனாலும் உள்ளே இருப்பது வரிதான். இரண்டாவது காஸ்ட் வெடிப்பது லிஸ்ட்<மேப்<ஸ்ட்ரிங், வரி>> போன்ற இடத்தில், ஏனென்றால் [0] என்பது இன்னொரு பாராமீட்டரைஸ்ட்டைப், கிளாஸ் இல்லை.

வெடித்தால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். சத்தமில்லாமல் தவறான பதில் வருவதுதான் ஆபத்து. கடைமேப்<வி> என்ற கிளாஸ் ஹேஷ்மேப்<ஸ்ட்ரிங், வி>யை எக்ஸ்டெண்ட் செய்கிறது என்று வையுங்கள். ஃபீல்ட் கடைமேப்<வரி>. [0] எடுத்தால் வரி வருகிறது, உங்கள் கோட் "ஆகா, மேப்பின் கீ வரி" என்று நினைத்துக்கொள்கிறது. உண்மையில் கீ ஸ்ட்ரிங், வரி என்பது வேல்யூ. கையில் இருக்கும் டைப்பின் முதல் ஆர்கியுமெண்டுக்கும் மேப்பின் முதல் ஆர்கியுமெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். "இந்த டைப்பின் முதல் ஆர்கியுமெண்ட் என்ன" என்று கேட்காமல், "இந்த டைப்பை கலெக்ஷனாகப் பார்த்தால் அந்த கலெக்ஷனின் ஈ (உறுப்பின் டைப்பைக் குறிக்கும் டைப்வேரியபிள்) என்ன" என்று கேளுங்கள். அதற்குப் பதில் காண மேலே ஏற வேண்டும்: கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ், கெட்ஜெனரிக்இன்டர்ஃபேஸஸ் இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் எந்த டைப்வேரியபிளுக்கு எது வந்து உட்கார்ந்தது என்று ஒரு மேப்பில் குறித்துக்கொண்டே, கலெக்ஷன் என்ற ராடைப் (கோண அடைப்புக்குறி நீக்கிய டைப்) தட்டுப்படும் வரை போக வேண்டும். அங்கே கிடைக்கும் ஆர்கியுமெண்ட் ஒரு வேரியபிளாக இருந்தால் குறிப்பில் தேடி மாற்றிக்கொள்ள வேண்டும், குறிப்பிலும் இல்லையென்றால் அதன் பவுண்ட் (எல்லையாக அறிவித்த டைப்) என்னவோ அதோடு திருப்திப்பட வேண்டியதுதான். இருபது முப்பது வரி கோட், ஒரு மாலையில் எழுதிவிடலாம்.

அந்தக் குறிப்பு மேப்பின் கீயாக வேரியபிளின் பெயரை வைக்காதீர்கள், டைப்வேரியபிள் ஆப்ஜெக்டையே வையுங்கள். அரேலிஸ்டின் ஈ வேறு, லிஸ்டின் ஈ வேறு, பெயர் ஒன்றாக இருப்பது தற்செயல். புரட்டுமேப்<கே, வி> என்பது ஹேஷ்மேப்<வி, கே>யை எக்ஸ்டெண்ட் செய்யும் ஒரு கிளாஸை டெஸ்டில் போட்டுப் பாருங்கள், பெயரை வைத்து எழுதிய கோட் அதில் தலைகீழாக நிற்கும். நான் முதன்முதலில் எழுதியது பெயரை வைத்துத்தான், எட்டு மாதம் ஓடியது, யாரும் கண்டுபிடிக்கவில்லை, எல்லோரும் ஒழுங்காக ஒரே வரிசையில் எழுதியிருந்தார்கள் என்பதால்.

சரியாக ஏறினாலும் சில சமயம் கிடைக்கும் பதில் உதவாது. ஜாவாவின் ப்ராப்பர்ட்டீஸ் கிளாஸ் இருக்கிறதே, அது ஹேஷ்டேபிள்<ஆப்ஜெக்ட், ஆப்ஜெக்ட்>டை எக்ஸ்டெண்ட் செய்கிறது. உள்ளே எல்லோரும் ஸ்ட்ரிங்தான் போடுகிறார்கள், ரிஃப்ளெக்ஷன் ஆப்ஜெக்ட் என்றுதான் சொல்லும், அறிவிப்பில் எழுதியிருப்பது அதுதானே. இப்படிப்பட்டதற்குத் தனி இஃப் போட்டுவிட்டு நகருங்கள்.

வைல்ட்கார்டைப் பொறுத்தவரை, ? எக்ஸ்டெண்ட்ஸ் வரி என்றால் கெட்அப்பர்பவுண்ட்ஸ் கேட்டு வரி என்று எடுத்துக்கொள்ளலாம், படிப்பதற்கு அது போதும். ? சூப்பர் வரி என்றால் அப்பர் பவுண்ட் ஆப்ஜெக்ட், படிக்க ஒன்றும் சொல்லாது, எழுதத்தான் உதவும். ஜாவாவில் யாரும் ஃபீல்டில் வைல்ட்கார்ட் போடுவதில்லையே என்று இந்தக் கேஸைத் தள்ளிவிட வேண்டாம். கோட்லினில் (ஜாவாவோடு கலந்து எழுதக்கூடிய இன்னொரு மொழி) ஒரு மெத்தட் பாராமீட்டராக லிஸ்ட்<விலங்கு> என்று எழுதி, விலங்கு ஒரு இன்டர்ஃபேஸாக இருந்தால், ஜாவா பக்கம் அது லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் விலங்கு> என்று தெரியும். கோட்லின் கலந்த ப்ராஜெக்டில் இது முதல் நாளே வந்து நிற்கும்.

இவ்வளவு எதற்கு, கெட்(0).கெட்கிளாஸ்() என்று முதல் உறுப்பையே பார்த்துவிடலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். லிஸ்ட் காலியாக இருந்தால்? முதல் உறுப்பு நல் (null, அதாவது ஆப்ஜெக்டே இல்லாத வெற்றிடம்) என்றால்? முதலில் இருப்பது வரியின் சப்கிளாஸான தள்ளுபடிவரி என்றால் எக்செல் தலைப்பு முழுவதும் அதற்கேற்ப அமைந்து, அடுத்து வரும் சாதாரண வரிகளில் அந்த காலம் (column, நெடுவரிசை) இல்லாமல் விழும். ஹைபர்னேட் (டேட்டாபேஸில் இருப்பதை ஆப்ஜெக்டுகளாக மாற்றித் தரும் லைப்ரரி) இருந்தால் இன்னும் வேடிக்கை. அது உங்கள் அரேலிஸ்டைத் தூக்கிவிட்டுத் தன்னுடைய பெர்சிஸ்டென்ட்பேக் என்பதை அங்கே வைத்திருக்கும், நீங்கள் டைப் தெரிந்துகொள்ளத் தொட்ட அந்த ஒரு கெட்(0) டேட்டாபேஸுக்கு ஒரு க்வெரியை ஓட்டிவிடும், செஷன் மூடியிருந்தால் லேஸிஇனிஷியலைசேஷன்எக்செப்ஷன் வரும். டைப்பைக் கேட்கப் போய் டேட்டாவை இழுத்துவருவது சரியான வேலை இல்லை.

டைப் தெரிந்துவிட்டது, இனி ரிஃப்ளெக்ஷனிலேயே மெத்தடையும் கூப்பிடலாம் என்று இறங்குபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, லிஸ்ட்<ஸ்ட்ரிங்> என்பதற்காக கெட்மெத்தட்("ஆட்", ஸ்ட்ரிங்.கிளாஸ்) என்று கேட்டால் நோசச்மெத்தட்எக்செப்ஷன் வரும், ரன்டைமில் இருப்பது ஆட்(ஆப்ஜெக்ட்) மட்டுமே. ஆப்ஜெக்ட் என்று கேட்டு வாங்கி, ஸ்ட்ரிங் லிஸ்டுக்குள் ஒரு இன்டிஜரைத் திணித்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். பிறகு எங்கோ தொலைவில், சம்பந்தமே இல்லாத ஒருவர் ஸ்ட்ரிங் எஸ் = லிஸ்ட்.கெட்(0) என்று எழுதிய வரியில், கம்பைலர் ஒளித்துவைத்த காஸ்டில் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன் வெடிக்கும், பழி அவர்மேல் விழும். அப்படி ஒரு லிஸ்டில் யார் திணிக்கிறார்கள் என்று பிடிக்க கலெக்ஷன்ஸ்.செக்ட்லிஸ்ட் என்ற உறை ஒன்று இருக்கிறது, திணிக்கும் இடத்திலேயே கத்தும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

இரண்டாவது, ஆப்ஜெக்ட்.கெட்கிளாஸ்().கெட்மெத்தட்("சைஸ்") என்று வாங்கி இன்வோக் செய்வது. அரேலிஸ்டில் ஓடும். கலெக்ஷன்ஸ்.அன்மாடிஃபையபிள்லிஸ்ட் தந்ததிலோ லிஸ்ட்.ஆஃப் தந்ததிலோ இல்லீகல்அக்செஸ்எக்செப்ஷன் வரும், ஏனென்றால் அந்த கிளாஸ்கள் பப்ளிக் இல்லை, மெத்தட் பப்ளிக்காக இருந்தாலும். செட்அக்சஸிபிள் போட்டு மழுப்பலாம் என்றால் ஜாவா 16இலிருந்து அந்தக் கதவையும் பூட்டிவிட்டார்கள். தீர்வு ரொம்பச் சாதாரணம்: அது கலெக்ஷன் என்று தெரிந்துவிட்டதே, கலெக்ஷன்<?> என்று காஸ்ட் செய்து நேராக சைஸ் கூப்பிடுங்கள். இன்டர்ஃபேஸ் இருக்கும்போது ரிஃப்ளெக்ஷன் எதற்கு?

ஃபீல்டே இல்லாத இடத்துக்கு வருவோம். ஜேசன் (JSON, டேட்டாவை டெக்ஸ்டாக எழுதும் வடிவம்) படிக்கிறோம், லிஸ்ட்<வரி> வேண்டும், லைப்ரரியிடம் லிஸ்ட்.கிளாஸ் என்றுதான் கொடுக்க முடியும், லிஸ்ட்<வரி>.கிளாஸ் என்று எழுதினால் கம்பைலர் விடாது. லிஸ்ட்.கிளாஸ் கொடுத்தால் ஜாக்சன் என்ற ஜேசன் லைப்ரரி உள்ளே லிங்க்ட்ஹேஷ்மேப்புகளை நிரப்பித் தரும், "லிங்க்ட்ஹேஷ்மேப்பை வரியாக காஸ்ட் செய்ய முடியாது" என்ற அந்தப் பிரபலமான செய்தியைப் பார்க்காத ஜாவாக்காரர் இருக்க மாட்டார். இதற்கு நீல் காஃப்டர் 2006இல் எழுதிக் காட்டிய தந்திரம் ஒன்று உண்டு, சூப்பர் டைப் டோக்கன். ஆப்ஜெக்ட் மறந்துவிடும், ஆனால் எக்ஸ்டெண்ட் செய்த விவரம் கிளாஸ் ஃபைலில் இருக்கும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதைப் பயன்படுத்திக்கொள்வதுதான்:

நியூ டைப்ரெஃபரன்ஸ்<லிஸ்ட்<வரி>>() {}

கடைசியில் இருக்கும் அந்த வெற்று அடைப்பு {} அலங்காரம் இல்லை, அதுதான் ஒரு பெயரில்லா சப்கிளாஸை உருவாக்குகிறது. அந்த சப்கிளாஸிடம் கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸ் கேட்டால் டைப்ரெஃபரன்ஸ்<லிஸ்ட்<வரி>> என்று முழுசாக வரும். ஜாக்சனின் டைப்ரெஃபரன்ஸ், ஜிசான் என்ற இன்னொரு ஜேசன் லைப்ரரியின் டைப்டோக்கன், ஸ்ப்ரிங் ஃப்ரேம்வொர்க்கின் பாராமீட்டரைஸ்ட்டைப்ரெஃபரன்ஸ் எல்லாம் இந்த ஒரே தந்திரத்தின் மேல்தான் நிற்கின்றன.

இதில் இரண்டு பள்ளம். ஒரு ஜெனரிக் மெத்தடுக்குள் நியூ டைப்ரெஃபரன்ஸ்<லிஸ்ட்<டி>>() {} என்று எழுதினால் கிடைப்பது டி என்ற எழுத்து மட்டுமே, கூப்பிட்டவர் டிக்கு என்ன கொடுத்தார் என்பது கிடைக்காது. அந்த மாதிரி இடத்தில் கிளாஸ்<டி> ஒன்றைப் பாராமீட்டராகக் கேட்டு வாங்கி, ஜிசானில் டைப்டோக்கன்.கெட்பாராமீட்டரைஸ்ட் கொண்டு கட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவது பள்ளத்தில் நானே விழுந்திருக்கிறேன். ஒரு கடை பில்லிங் ஆப், ஆண்ட்ராய்டில். டெவலப்மென்ட் பில்ட் பிரமாதமாக ஓடியது, டெஸ்ட் எல்லாம் பச்சை, ரிலீஸ் பில்ட் மட்டும் திறந்தவுடன் விழுந்தது. வெள்ளிக்கிழமை மாலை, வேறு எப்போது விழும்? கோடில் ஒரு எழுத்தும் மாறவில்லை. கடைசியில் பார்த்தால் ரிலீஸ் பில்டைச் சுருக்கும் கருவி, யாருக்கும் தேவைப்படாத பாரம் என்று சிக்னேச்சர் பகுதியை கிளாஸ் ஃபைல்களிலிருந்து துடைத்து எறிந்திருக்கிறது. ப்ரோகார்ட், ஆர்8 இரண்டுக்கும் -கீப்அட்ரிப்யூட்ஸ் சிக்னேச்சர் என்று கான்ஃபிகில் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் சொல்லவில்லை. ஜெனரிக் விவரம் என்பது கோடின் பகுதி இல்லை, கோடோடு ஒட்டிவைத்த சீட்டு, யார் வேண்டுமானாலும் கிழிக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

லாம்டாவுக்கும் (பெயரில்லாமல் சுருக்கமாக எழுதும் ஃபங்ஷன்) அந்தச் சீட்டு கிடையாது. ஒரு இன்டர்ஃபேஸை பெயரில்லா கிளாஸாக எழுதினால் ஹேண்ட்லர்<வரி> என்று தெரியும், அதையே லாம்டாவாக ஐடிஇ அழகாக மாற்றிக்கொடுத்தால் வெறும் ஹேண்ட்லர். "லாம்டாவாக மாற்று" என்று மஞ்சள் பல்பு காட்டும்போது ரிஃப்ளெக்ஷன் வைத்து ஓடும் கோடில் அதை அமுக்குவதற்கு முன் யோசியுங்கள்.

இனி சி ஷார்ப். உங்கள் நண்பர் சொன்னது சரி, அங்கே ஆப்ஜெக்டே சொல்லும். லிஸ்ட்<இன்ட்> ஆப்ஜெக்டிடம் கெட்டைப்() கேட்டால் லிஸ்ட்<இன்ட்> என்றே வரும், இஸ்ஜெனரிக்டைப் உண்மை என்று வரும், கெட்ஜெனரிக்டைப்டெஃபினிஷன் கேட்டால் டைப்ஆஃப்(லிஸ்ட்<>) வரும், கெட்ஜெனரிக்ஆர்கியுமெண்ட்ஸ் கேட்டால் இன்ட் வரும். உள்ளே பார்த்தால், ரெஃபரன்ஸ் டைப்புகளுக்கான லிஸ்டுகள் எல்லாம் ஒரே மெஷின் கோடைப் பகிர்ந்துகொள்கின்றன, இன்ட் போன்ற வேல்யூ டைப்புகளுக்குத் தனித்தனி கோட், ஆனால் டைப் என்ற அடையாளம் ஒவ்வொன்றுக்கும் தனி. ஜெனரிக் இல்லாத டைப்பிடம் போய் கெட்ஜெனரிக்டைப்டெஃபினிஷன் கேட்டால் எக்செப்ஷன் வரும், இஸ்ஜெனரிக்டைப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் [0] வியாதி அங்கும் உண்டு, இன்னும் மோசமாகவே. லிஸ்ட்<பில்> ஒன்றின் மேல் செலக்ட்(பி => பி.தொகை) போட்டால் வரும் ஆப்ஜெக்ட் லிங்க் (LINQ, சி ஷார்ப்பில் கலெக்ஷன்கள்மேல் க்வெரி எழுதும் வசதி) தரும் உள் கிளாஸ் ஒன்று, அதற்கு இரண்டு டைப் ஆர்கியுமெண்ட்: மூலம் பில், விளைவு டெசிமல். [0] எடுத்தவருக்கு பில் கிடைக்கும், உள்ளே வருவதோ டெசிமல். யீல்ட் ரிட்டர்ன் போட்டு எழுதிய சாதாரண மெத்தட் தரும் ஆப்ஜெக்டில் பெரும்பாலும் ஆர்கியுமெண்டே இருக்காது. இங்கேயும் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: இதை ஐஎன்யூமரபிள்<டி>யாகப் பார்த்தால் டி என்ன? கெட்இன்டர்ஃபேஸஸ் வாங்கி, அதில் எது ஜெனரிக்காக இருந்து அதன் டெஃபினிஷன் ஐஎன்யூமரபிள்<>க்குச் சமமோ அதன் ஆர்கியுமெண்டை எடுங்கள். ஜாவாவைப் போல வேரியபிள்களைக் குறித்துக்கொண்டு ஏற வேண்டாம், ரன்டைமே எல்லாம் நிரப்பித் தந்துவிடும். அந்தச் சுகம் ஜாவாவில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

சில்லறை விஷயங்கள்: கையில் இருப்பதே ஐஎன்யூமரபிள்<இன்ட்> என்றால் கெட்இன்டர்ஃபேஸஸ் பட்டியலில் அது தன்னையே சேர்க்காது, தனியாகப் பார்க்க வேண்டும். டைப்ஆஃப்(ஐஎன்யூமரபிள்<>).இஸ்அசைனபிள்ஃப்ரம் என்று குறுக்கு வழியில் கேட்டால் எப்போதும் இல்லை என்றே வரும். அரே ஜெனரிக் டைப் இல்லை, கெட்எலிமென்ட்டைப் தனி. ஒரே கிளாஸ் இரண்டு ஐஎன்யூமரபிள்களை இம்ப்ளிமென்ட் செய்யலாம், அரிது, ஆனாலும் சிங்கிள்() போட்டுவைத்தால் ஒரு நாள் விழும்.

அப்புறம் ஸ்ட்ரிங். சி ஷார்ப்பில் ஸ்ட்ரிங் என்பது ஐஎன்யூமரபிள்<சார்>. "கலெக்ஷனா என்று பார், ஆமாம் என்றால் உறுப்புகளைத் தனித்தனி செல்லில் எழுது" என்று எழுதிய ஒரு எக்ஸ்போர்ட் கருவி என் கைக்கு வந்தது, உங்களுடையதைப் போலவே ஒன்று. வாடிக்கையாளர் பெயர் முருகன். ஷீட்டில் ஏழு செல்: ம, தனியாக ஒரு உகரக் குறி, ர, மறுபடி உகரக் குறி, க, ன, கடைசி செல்லில் ஒரு புள்ளி மட்டும். ஆங்கிலப் பெயராக இருந்தால் எழுத்துகளாவது முழுசாக இருந்திருக்கும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் ஸ்ட்ரிங்கா என்று பார்த்து விலக்குங்கள், அடுத்து டிக்ஷனரியா, அதற்குப் பிறகுதான் ஐஎன்யூமரபிள். டிக்ஷனரியைத் தனியாகப் பார்க்காவிட்டால் அது கீவேல்யூபேர்<கே, வி>களின் ஐஎன்யூமரபிளாக வந்து நிற்கும், கீ என்று ஒரு காலம், வேல்யூ என்று ஒரு காலம், அதற்குள் ஆப்ஜெக்டின் பெயர். ஜாவாவில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை, அங்கே ஸ்ட்ரிங்கும் கலெக்ஷன் இல்லை, மேப்பும் கலெக்ஷன் இல்லை.

டைப் தெரிந்த பிறகு அந்த டைப்பில் புது லிஸ்ட் வேண்டுமென்றால் சி ஷார்ப்பில் டைப்ஆஃப்(லிஸ்ட்<>).மேக்ஜெனரிக்டைப்(டி) செய்து ஆக்டிவேட்டரிடம் கொடுங்கள். சர்வரில் கவலை இல்லை. நேட்டிவ் ஏஓடி, யூனிட்டி கேம் எஞ்சினின் பழைய பதிப்புகளின் ஐஎல்2சிபிபி மாதிரி முன்கூட்டியே கம்பைல் செய்யும் இடங்களில், வேல்யூ டைப்புக்கான கோடை யாரும் எங்கும் நேராக எழுதியிருக்காவிட்டால் அது உருவாகியே இருக்காது, ஓடும்போது இல்லை என்று கையை விரித்துவிடும். அங்கே ரிஃப்ளெக்ஷனையே விட்டுவிட்டு சோர்ஸ் ஜெனரேட்டருக்கு (கம்பைல் செய்யும்போதே கோடை எழுதித் தரும் கருவி) போவதுதான் நல்லது.

உங்கள் கருவிக்கு வருகிறேன். ஸ்ப்ரிங் ஏற்கனவே ப்ராஜெக்டில் இருந்தால் மேலே சொன்ன ஏறும் கோடை நீங்கள் எழுதவே வேண்டாம், ரிசால்வபிள்டைப் என்று ஒன்று 4.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஃபீல்டைக் கொடுத்து, ஆஸ்கலெக்ஷன்() சொல்லி, கெட்ஜெனரிக்(0) கேட்டால் வரிப்பட்டியல் மாதிரி கேஸிலும் வரி என்றே தரும், மேப்புக்கு ஆஸ்மேப்() இருக்கிறது. ஸ்ப்ரிங் இல்லை, குவாவா லைப்ரரி இருக்கிறது என்றால் அதன் டைப்டோக்கனில் ரிசால்வ்டைப். இரண்டும் இல்லையென்றால் மட்டும் சொந்தமாக எழுதுங்கள். கிளாஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு தடவை கண்டுபிடித்து, காலம் பட்டியலாகக் கிளாஸ்வேல்யூவில் சேர்த்துவைத்துவிடுங்கள், கெட்டிக்ளேர்ட்ஃபீல்ட்ஸ் ஒவ்வொரு முறையும் புதுப் பிரதி எடுத்துத் தருகிறது, பத்தாயிரம் பில்லுக்கும் அதை மறுபடி மறுபடி கேட்பது வீண். வெறும் லிஸ்ட் என்று அறிவித்த ஃபீல்ட் வந்தால் ஊகிக்காமல், கிளாஸ் பெயரும் ஃபீல்ட் பெயரும் போட்டு எக்செப்ஷன் எறிந்துவிடுங்கள், எழுதியவர் வந்து <வரி> என்று சேர்த்துவிட்டுப் போவார். டெஸ்டில் வரிப்பட்டியல், புரட்டுமேப், லிஸ்ட்<மேப்<ஸ்ட்ரிங், வரி>>, காலி லிஸ்ட் இந்த நான்கையும் போட்டு ஓட்டிப் பாருங்கள், எதில் விழுகிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.